ஈயப் பாவைகளும் மாத்தளை அரக்கும்

ஐரோப்பிய மறுமலர்ச்சிக் காலத்துக் காலாட்படையை விரலளவான ஈயப் பாவைகளாக வார்த்து, வண்ணந்தீட்டி, மேசைமீது போர் நடத்தி மகிழ்வார் உளர். அக்காலப் படையொன்று நம் மலைநாட்டிலும் புகுந்தது. 1594ஆம் ஆண்டில் பேரோ லோப்பெஸ் டி சூசா தலைமையில் வந்த போர்த்துக்கேயர், தந்துரையில் விமலதர்மசூரியன் படையால் அழிந்தனர். அப்போரைப் பாவைகளாற் காட்ட விழைவோர், போர்த்துக்கேயரின் தலைக்கவசத்தை நுணுக்கமாகத் தீட்டிவிட்டுக் கண்டியரின் ஈட்டிக்காம்பிற்கு வெறும் மரநிறம் பூசி அமைதல் பொருந்துமா?

கண்டியர் ஈட்டிக்காம்பு, கொடிக்கம்பம் முதலியவற்றில் அரக்குவேலை செய்வித்தனர். மாத்தளையைச் சார்ந்த ஹபுவிடக் கிராமத்தார் இதிற் பெயர்பெற்றோர். தென்னிலங்கையார் மரத்தைக் கடைசற்பொறியிற் சுழற்றி அரக்கேற்றுவர். மாத்தளையாரோ கரிநெருப்பில் இளக்கிய அரக்கை நூலாக இழுத்து, சூடேறிய காம்பில் ஒட்டிப் பெருவிரல் நகத்தாலேயே அறுப்பர். தூரிகை தீண்டாத இத்தொழிலுக்குச் சிங்களத்தில் வழங்கும் பெயரும் நகவேலை என்னும் பொருளதே. சிவப்புக்குச் சாதிலிங்கமும் மஞ்சளுக்கு அரிதாரமும் முன்னர்ச் சேர்த்தனர். கருமையும் பசுமையும் உண்டு.

எஞ்சியுள்ள அரக்குக் காம்புகளிற் பல பிற்காலத்துச் சடங்குப் பொருள்கள். ஆதலின் ஒவ்வொரு காலாளுக்கும் அவற்றைக் கொடுத்தல் மிகை. தலைவர்க்கும் கொடி பிடிப்போர்க்கும் கொடுத்தல் தகும். பாவையின் காம்பு ஊசியளவினது. நகவேலைக் கோலம் அதில் அடங்காது. சிவப்பின்மேல் இரண்டு மூன்று மஞ்சள் வளையங்கள் இட்டு, உலர்ந்தபின் வார்னிஷ் பூசினாற் போதும். காம்புக்கு மட்டுமே வார்னிஷ். உடையிற் பட்டால் பருத்தித்துணியும் அரக்காகத் தோன்றிவிடும்.