மனைவளர் விலங்குகளின் குடற்புழுக்கள்: நீக்கமும் தடுப்பும்

தமிழர் வாழ்வில் நாய்க்கும் பூனைக்கும் நெடுங்காலமாக இடமுண்டு. வைரவப் பெருமானின் ஊர்தியாக நாய் அமைந்திருத்தலை ஊர்தோறுமுள்ள வைரவர் கோயில்களிலே காணலாம். வளவைக் காப்பது நாய். நெல்லை எலியினின்றும் காப்பது பூனை. இவை முற்றத்திலும் திண்ணையிலும் சிறுவரோடு கூடி விளையாடுவன. இங்ஙனம் நெருங்கி வாழும் உயிர்களின் குடலிலுள்ள புழுக்களும் மனிதருக்கு அணித்தாகவே வாழ்கின்றன என்பதைப் பலர் எண்ணுவதில்லை. குட்டியின் வயிறு பருத்துக் காணப்படின் குளிகையொன்றை வாங்கிக் கொடுப்பர். புழுக்கள் வெளிப்பட்டதும் கருமம் முடிந்ததென்று அமைவர். மருந்து குடலிலுள்ள புழுவை நீக்கும் என்பது உண்மையே. ஆயின், அப்புழுவின் வாழ்க்கை குடலோடு முடிவதன்று. அதன் ஒரு பகுதி தாயின் தசையிலும், ஒரு பகுதி மண்ணிலும், ஒரு பகுதி தெள்ளின் உடலிலும் நிகழ்கின்றது. ஆதலின் இம்மூன்றிடங்களையும் கருதாத மருத்துவம் அரைகுறை மருத்துவமேயாம்.

குடற்புழுக்களுள் முதலிற் கருதத்தக்கது வட்டப்புழு. நாயிடத்துக் காணப்படுவது தொக்சோகாரா கானிஸ் எனவும், பூனையிடத்துக் காணப்படுவது தொக்சோகாரா கற்றி எனவும் பெயர்பெறும். வெண்மை நிறமும் திரண்ட உருவமும் உடைய நாய் வட்டப்புழு 18 சென்ரிமீற்றர் வரை வளரும். வளர்ந்த நாய் இதன் முட்டையை விழுங்கும்போது, முட்டையினின்று வெளிப்படும் குடம்பிகளுட் பல குடலிலே தங்காது, குடற்சுவரைத் துளைத்துச் சென்று தசை முதலிய உறுப்புக்களில் உறங்குநிலையடைகின்றன. பெண்நாய் கருவுற்று ஆறு வாரங்கள் கழிந்ததும் இவை விழித்தெழுந்து, நஞ்சுக்கொடி வழியாகக் குட்டிகளின் உடலை அடைகின்றன. எனவே, நாய்க்குட்டி பிறக்கும்போதே புழுவோடு பிறக்கின்றது எனலாம். பிறந்த மூன்றாவது வார அளவில் அதன் குடலிலுள்ள புழுக்கள் முதிர்ந்து முட்டையிடத் தொடங்குகின்றன. பூனைக்குட்டியோ கருப்பையில் இத்தொற்றைப் பெறுவதில்லை. தாய்ப்பாலின் வழியே பெறுகின்றது. எலி முதலியவற்றை வேட்டையாடி உண்ணும் பூனை அவற்றின் உடலிலுள்ள குடம்பிகளாலும் தொற்றடைகின்றது.

இரண்டாவது கொளுக்கிப்புழு. ஒன்றிரண்டு சென்ரிமீற்றருக்கு மேற்படாத இச்சிறு புழு, குடற்சுவரைப் பற்றிக் குருதியை உறிஞ்சி வாழ்வது. இதனாற் பீடிக்கப்பட்ட குட்டியின் முரசு வெளிறும், மலம் கருமையடையும், நோய் கடுமையாயின் குட்டி சில நாட்களில் இறத்தலுங் கூடும். இதன் முட்டைகள் ஈரமண்ணிற் பொரிக்க, வெளிவருங் குடம்பிகள் தோலைத் துளைத்தும் வாய்வழியாகவும் உடலிற் புகுகின்றன. தோல்வழிப் புகுதலைக் கண்டறிந்தவர் எகிப்து நாட்டிற் பணியாற்றிய ஆதர் லூஸ் என்னும் ஜேர்மானிய விலங்கியலறிஞர். மனிதக் கொளுக்கிப்புழுவின் குடம்பிகள் கொண்ட நீர் தற்செயலாகத் தமது கையிற் சிந்தியபோது தோல் அரிப்பெடுத்ததையும், பின்னர்த் தமது மலத்திலே அப்புழுவின் முட்டைகள் காணப்பட்டதையும் கொண்டு அவர் இவ்வுண்மையைத் துணிந்தார். இவரே 1911ஆம் ஆண்டில், இலங்கைப் புனுகுப்பூனை ஒன்றிலிருந்து பெற்ற கொளுக்கிப்புழுவொன்றை ஆராய்ந்து, இந்நாட்டின் பெயர் விளங்க அன்கைலோஸ்தோமா சிலானிக்கம் எனப் பெயரிட்டவர். நாயிலும் பூனையிலும் வாழும் இவ்வினம் மனிதக் குடலிலும் முதிர்ந்து வாழவல்லது என்பது இன்று தெளிவாகியுள்ளது.

மூன்றாவது நாடாப்புழு. இதன் பரவலான வகையாகிய டிப்பிலிடியம், நாயினின்று நாய்க்கு நேரே தொற்றுவதன்று. மலத்தோடு வெளிப்படும் புழுத்துண்டங்கள் அரிசிமணி போலக் குதத்தைச் சூழ ஒட்டியிருக்கும். அவற்றிலுள்ள முட்டைகளைத் தெள்ளின் குடம்பிகள் உண்கின்றன. முதிர்ந்த தெள்ளை நாயோ பூனையோ மெல்லும்போது விழுங்க, புழு மீண்டுங் குடலை அடைகின்றது. தெள்ளை ஒழியாது இப்புழுவை மட்டும் ஒழிக்க முயல்வது, ஓட்டைப் பானையில் நீர் நிரப்புவது போன்றதாம். நாயின் பெருங்குடலில் வாழும் சாட்டைப்புழு நான்காவதாகும்.

இவற்றால் விலங்குக்கு விளையுந் தீங்கு ஒருபுறமிருக்க, மனைச் சிறுவருக்கு நேரக்கூடிய தீங்கு பெரிதுங் கவனித்தற்குரியது. 1950ஆம் ஆண்டில் ஹெலனோர் வைல்டர் என்னும் அமெரிக்க அறிஞர், புற்றுநோயென ஐயுற்று அகற்றப்பெற்ற சிறுவர் கண்களை ஆராய்ந்து, அவற்றுட் பலவற்றில் நுண்புழுக் குடம்பிகள் இருக்கக் கண்டார். 1952இல் போல் பீவர் என்பவரும் அவர்தம் குழுவினரும், நாய் பூனைகளின் வட்டப்புழுக் குடம்பிகள் சிறுவரின் ஈரல் முதலிய உள்ளுறுப்புக்களில் அலைந்து நோய் விளைத்தலை எடுத்துக்காட்டினர். மனிதவுடலில் இக்குடம்பி முதிர்ந்த புழுவாதல் இல்லை; வழிதவறிய பயணியைப் போல உறுப்புக்களில் அலைந்து திரியும். கண்ணை அடையின் பார்வை கெடும். நாயின் கொளுக்கிப்புழுக் குடம்பிகளோ வெறுங்காலோடு நடப்பாரின் தோலிற் புகுந்து, நெளிந்து செல்லும் செந்தடிப்புக்களையும் பொறுத்தற்கரிய அரிப்பையும் உண்டாக்கும்.

எனினும் இதுகொண்டு நாயையும் பூனையையும் விலக்கிவிடல் வேண்டுமென்பதில்லை. புதிதாக வெளிப்பட்ட மலத்திலுள்ள வட்டப்புழு முட்டை உடனே தொற்றவல்லதன்று. அதனுட் குடம்பி வளர்வதற்கு இரண்டு வாரங்கள் அளவிற் செல்லும். அதன்பின் அம்முட்டை, மழைக்கும் கிருமிநாசினிகளுக்கும் ஈடுகொடுத்து மண்ணிற் பல்லாண்டுகள் உயிரோடிருக்கும். ஆகவே பெருந்தீங்கு பெரும்பாலும் நாயைத் தடவுவதால் வருவதன்று. நாள்பட்ட மலங் கலந்த மண்ணால் வருவதாம். நாள்தோறும் மலத்தை அகற்றி ஆழப் புதைப்பவர், முட்டை தீங்கு செய்யும் பருவத்தை அடையுமுன்னரே அதனைச் சிறுவர் கைக்கு எட்டாது செய்தவராவர். எவ்விதச் செலவுமற்ற இக்காப்பே காப்புக்களுள் தலையாயது.

இனி, மருந்து கொடுக்கும் முறையை நோக்குவோம். பைரன்டெல் வட்டப்புழுவையும் கொளுக்கிப்புழுவையும் செயலிழக்கச் செய்வது, இளங்குட்டிகளுக்கும் ஏற்றது. பென்பென்டசோல் இவற்றோடு சாட்டைப்புழுவையும் நீக்கும். ஆயின் அது ஒருநாளோடு அமையாது, தொடர்ந்து சில நாட்கள் கொடுக்கப்படுவது. பிராசிகுவான்டெல் நாடாப்புழுவுக்குரியது. ஒரு மருந்து எல்லாப் புழுக்களையும் நீக்குமென்று எண்ணுதல் தவறு. எனவே, மலத்தை நுணுக்குக்காட்டியால் ஆராய்ந்து, புழுவின் இனமறிந்து, விலங்கின் நிறைக்கேற்ற அளவை மிருக வைத்தியர் வாயிலாக அறிதல் வேண்டும்.

காலமும் மருந்தளவுக்கு ஒப்ப முதன்மையுடையது. நாய்க்குட்டிக்குப் பிறந்த இரண்டாவது வாரத்திலும், பின்னர் நான்காவது, ஆறாவது, எட்டாவது வாரங்களிலும் மருந்து கொடுத்து, அதன்பின் ஆறுமாதம் நிரம்பும்வரை மாதம் ஒருமுறை கொடுத்தல் பொதுவான முறை. பூனைக்குட்டிக்கு மூன்றாவது வாரத்திற் தொடங்கலாம். பாலூட்டுந் தாய்க்கும் உடன் கொடுத்தல் வேண்டும். இவ்வாறு மீண்டும் மீண்டும் கொடுப்பதற்குக் காரணம் மருந்தின் வலிமைக் குறைவன்று. வழக்கமான மருந்து குடலிலுள்ள புழுவையே தாக்கும். உடலுறுப்புக்களிலிருந்து பின்னர் வந்து சேரும் குடம்பிகளை அடுத்த வேளை மருந்தே நீக்கவேண்டும். வளர்ந்த விலங்குகளுக்கு மூன்று மாதத்துக்கு ஒருமுறை கொடுத்தல் பலவிடங்களிலும் கைக்கொள்ளப்படும் வழக்கமாகும்.

கைமருந்து பற்றியும் சில கூறுதல் வேண்டும். பாக்கைப் பொடித்து நாய்க்குக் கொடுத்து நாடாப்புழுவைப் போக்கும் வழக்கம் ஐரோப்பாவிலும் இருந்ததுண்டு. பாக்கிலுள்ள அரிக்கோலின் என்னும் பொருள் புழுவைத் தளரச் செய்து பேதியையும் உண்டாக்கும். ஆயின் அதே பொருள் வாந்தியையும் நச்சுத்தன்மையையும் விளைப்பதாதலின், தீங்கு குறைந்த மருந்துகள் கிடைத்தபின் அது கைவிடப்பட்டது. உள்ளியைப் புழுமருந்தாகக் கொடுப்பாருமுளர். வெங்காயமும் உள்ளியும் நாய் பூனைகளின் செங்குருதிக் கலங்களை அழிப்பன. கொளுக்கிப்புழுவால் ஏற்கெனவே குருதி குன்றிய குட்டிக்கு அவை இருமடங்கு தீங்காம். மாட்டுக்குரிய புழுமருந்தை நாய்க்குக் கொடுத்தலும், நாய்க்குரிய தெள்ளுமருந்தைப் பூனைக்குப் பூசுதலும் உயிருக்கே இடராகலாம். பேர்மெத்திரின் கலந்த தெள்ளுமருந்து பூனைக்குக் கடுநஞ்சு.

மருந்தோடு கைக்கொள்ளவேண்டிய ஒழுக்கங்கள் சிலவே. படுக்கையை அடிக்கடி துவைத்து வெயிலிற் காயவிடுதலும், தரையைக் கூட்டித் தெள்ளின் குடம்பிகளை அகற்றுதலும் வேண்டும். கூட்டையும் அதனைச் சூழ்ந்த நிலத்தையும் ஈரமின்றி வைத்தல் வேண்டும். உலர்ந்த வெயில்நிலத்திற் கொளுக்கிப்புழுக் குடம்பி வாழாது. இறைச்சிக் கழிவைப் பச்சையாக நாய்க்கு எறிதல் ஆகாது. சிறுவர் விளையாடும் மணற்குவியலைப் பூனை புகாவாறு மூடிவைத்தல் நன்று. மண்ணளைந்த கையைக் கழுவிய பின்னரே உண்ணுதலும், வெளியே செருப்பணிந்து நடத்தலும் சிறுவருக்குப் பழக்கமாதல் வேண்டும்.

ஒரு மனையில் நாய்க்குட்டி புகும் நாளிலேயே அதன் மருந்து நாட்களைக் குறித்து வைத்தலும், அதன் மலத்தை அகற்றும் பொறுப்பை ஒருவரிடம் ஒப்படைத்தலும் செய்வாராயின், குட்டியும் நலம்பெறும். அதனோடு விளையாடும் குழந்தையின் கண்ணும் காக்கப்படும். வாய்பேசா உயிரை வளர்ப்பார்க்கு உணவிடுதல் எத்துணைக் கடமையோ, அதன் உடலைப் புழுவினின்றும் காத்தலும் அத்துணைக் கடமையேயாம்.