நெற்றியைத் தொட்டுப் பார்க்க ஒரு கை

மூன்றாவது பாடவேளையில் பிள்ளைக்குக் காய்ச்சல் அடிக்கிறது. பள்ளியிலிருந்து அம்மாவுக்குப் போன் போகிறது. அவர் தோவாளைப் பக்கம் வயலில் நாற்று நட்டுக்கொண்டிருப்பார். அல்லது விளவங்கோட்டில் முந்திரி ஆலையில் இருப்பார். போன் சோற்றுப் பைக்குள் கிடக்கும். எடுத்தாலும், பாதியில் கிளம்பினால் அன்றைய கூலி போய்விடும். கடைசியில் பிள்ளையைத் தனியாக வீட்டுக்கு அனுப்பிவிடுகிறார்கள். பூட்டிய வீட்டுத் திண்ணையில் அது சுருண்டு கிடக்கிறது. நம் குடியிருப்புகளில் இதைப் பார்க்காத தெரு இல்லை.

திட்டங்கள் இல்லாமல் இல்லை. அரசுப் பள்ளிப் பிள்ளைகளை ஆண்டுக்கு ஒருமுறையாவது நடமாடும் மருத்துவக் குழு பரிசோதிக்க வேண்டும் என்ற தேசிய சிறார் நலத் திட்டம் 2013-இல் வந்தது. ஆண்டுக்கு இருமுறை குடற்புழு மாத்திரையும், ரத்தசோகைக்கு வாரம் ஒரு இரும்புச்சத்து மாத்திரையும் கொடுக்கிறார்கள். பெரிய பிள்ளைகளுக்கான நீல மாத்திரையில் 60 மில்லிகிராம் இரும்பு இருக்கிறது. அதைச் சாப்பிட்ட பிறகு, ஆசிரியர் முன்னிலையில் விழுங்க வேண்டும். மலம் கறுத்துப் போனால் பயப்பட வேண்டாம்.

அதே மாத்திரை அளவு மீறினால் நஞ்சு. 2023 மார்ச்சில் உதகமண்டலம் நகராட்சிப் பள்ளி ஒன்றில் பிள்ளைகள் போட்டி போட்டுக்கொண்டு இதை விழுங்கினார்கள். எட்டாம் வகுப்பு மாணவி ஒருவர் உயிரிழந்தார். மாத்திரை பூட்டிய அலமாரியில் இருக்க வேண்டும். பொறுப்பான ஒருவர் கையால் எண்ணிக் கொடுக்க வேண்டும்.

அந்தக் கை நம் பிள்ளையைத் தொடத் தயங்கினால்? கத்தியவாரில் தலித் பள்ளி ஆசிரியர் ஒருவரின் மனைவி பிள்ளை பெற்ற சில நாளில் நோயுற்றார். வந்த மருத்துவர் அவரைத் தொடவில்லை. காய்ச்சல் பார்க்கும் கருவியை ஒரு முஸ்லிமிடம் கொடுத்தார். அவர் கணவரிடம் கொடுத்தார். கணவர் மனைவிக்கு வைத்தார். அந்தப் பெண் இறந்துபோனார். 1929 டிசம்பரில் ‘யங் இந்தியா’வில் வெளியான இச்செய்தியை அண்ணல் அம்பேத்கர் பின்னர் எடுத்து எழுதினார். பழைய கதை என்று நாம் தள்ளிவிட முடியாது. எட்ட நின்று “காய்ச்சலா?” என்று கேட்பதும், மாத்திரையை மேலிருந்து உள்ளங்கையில் போடுவதும் பிள்ளை மனதில் ஆறாத புண்ணாகும். தோளில் தூக்கிக்கொண்டு ஆசாரிப்பள்ளம் ஆஸ்பத்திரிக்கு ஓடும் ஆசிரியர்களும் உண்டு. அவர்களே நமக்கு அளவுகோல்.

நாம் செய்ய வேண்டியவையும் உண்டு. பிள்ளைக்கு ஆஸ்துமா, வலிப்பு, சர்க்கரை என்று எது இருந்தாலும் மறைக்காமல் நோய், மருந்து, அளவு, நேரம், இரண்டு போன் எண்கள் ஆகியவற்றை எழுதி வகுப்பாசிரியரிடம் கொடுப்போம். நகலில் கையெழுத்து வாங்கிக்கொள்வோம். மாத்திரையைப் புத்தகப் பையில் உதிரியாகப் போட்டு அனுப்பாமல், மருந்துச் சீட்டோடு ஒப்படைப்போம். வலிப்பு வந்தால் கையில் சாவிக்கொத்தைத் திணிக்கக் கூடாது; ஒருக்களித்துப் படுக்க வைக்க வேண்டும்; வாயில் எதையும் கொடுக்கக் கூடாது. ஐந்து நிமிடம் தாண்டினால் 108-ஐ அழைக்க வேண்டும். மாணவர்களும் இதைத் தெரிந்துகொள்ளுங்கள். பக்கத்தில் இருப்பவர் நீங்கள்தான். ஆதிதிராவிடர் நல விடுதிகளில் நோயுற்ற பிள்ளை இரவில் தனியாக விடப்படக் கூடாது.

2009 கல்வி உரிமைச் சட்டப்படி பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர். நலிந்த பிரிவினருக்கு உரிய இடம் உண்டு. காய்ச்சல் கருவி, முதலுதவிப் பெட்டி, ஒரு கட்டில், மருந்துப் பதிவேடு, எல்லாருக்கும் ஒரே குடிநீர் ஆகியவற்றை அங்கே கேட்டு, தீர்மானமாக எழுத வைப்போம். சாதியைச் சொல்லி ஆரம்ப சுகாதார நிலையத்துக்குள் நுழையவிடாமல் தடுத்தால் அது வன்கொடுமைத் தடுப்புச் சட்டப்படி குற்றம்.

பஞ்சமியின் கையைப் பிடித்துக்கொண்டு அய்யன்காளி ஊரூட்டம்பலம் பள்ளிக்குப் போனபோது நாஞ்சில் நாடும் அதே திருவிதாங்கூரில்தான் இருந்தது. அன்று கேட்டது பள்ளிக்குள் நுழையும் உரிமை. உள்ளே போன பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால் பார்த்துக்கொள்ள வேண்டும் என்பது இன்று நாம் கேட்பது. அடுத்த குழுக் கூட்டத்துக்கு ஒரு நாள் கூலி போனாலும் போவோம்.