காப்புத் தொகையும் அமானிதமே!



கோடை விடுமுறை வந்துவிட்டால் கொடைக்கானல், உதகை, ஏற்காடு என மலை ஊர்களுக்குக் குடும்பத்தோடு சென்று வருவது இன்று நம்மிடையே வழக்கமாகிவிட்டது. இதில் தவறேதும் இல்லை. பூமியில் பயணம் செய்து, அல்லாஹ் படைப்பைத் தொடங்கிய விதத்தைப் பாருங்கள் என்று அல்குர்ஆனே (29:20) அழைக்கிறது. பெரிய குடும்பத்திற்கு விடுதி அறை போதுவதில்லை. பெண்கள் பர்தா பேணவும், ஹலாலான உணவை நாமே சமைத்துக்கொள்ளவும் வசதி தேவைப்படுகிறது. எனவே 'காட்டேஜ்' எனப்படும் தனி வீட்டை இரண்டு மூன்று நாள்களுக்கு வாடகைக்குப் பிடிக்கிறோம்.

அப்போது வாடகையோடு வேறொரு தொகையும் கேட்கப்படுகிறது. வீட்டிலுள்ள பொருள்களுக்குச் சேதம் நேர்ந்தால் ஈடுகட்டுவதற்காக மூவாயிரமோ ஐயாயிரமோ 'டெபாசிட்' வாங்கி வைத்துக்கொள்கிறார்கள். இதனைக் காப்புத் தொகை எனலாம். சாவி கொடுக்கும்போது இரு தரப்பிலும் புன்னகை. சாவியைத் திருப்பிக் கொடுக்கும்போது சச்சரவு! மெத்தையில் கறை, டம்ளர் விரிசல், கீசர் பழுது என்று ஒவ்வொன்றாகச் சொல்லி உரிமையாளர் பணத்தைப் பிடித்துக்கொள்கிறார். மறுபுறம், உடைத்த பொருளைப் பீரோவுக்குப் பின்னால் மறைத்துவிட்டு முழுத் தொகையையும் வாங்கிக்கொண்டு புறப்படும் விருந்தினரும் உண்டு. தொகை சிறிதுதான். ஆனால் அது அடியார்களின் உரிமை (ஹுகூகுல் இபாத்) சம்பந்தப்பட்டது. உரியவர் மன்னிக்காதவரை அதன் பொறுப்பு நீங்காது.

இந்தப் பணம் யாருடையது?

முதலில் முன்பணத்தையும் காப்புத் தொகையையும் வேறு வேறாகப் புரிந்துகொள்ள வேண்டும். முன்பதிவின்போது கொடுக்கும் முன்பணம் வாடகையின் ஒரு பகுதி. காப்புத் தொகை வாடகை அல்ல. திருப்பித் தரவேண்டும் என்ற நிபந்தனையோடு உரிமையாளரின் கையில் இருக்கும் பணம்.

இக்கால மார்க்க அறிஞர்கள் இதனை மூன்று விதமாகப் பார்க்கின்றனர். சிலர் இதனை அமானிதம் என்கின்றனர். சிலர் அடமானம் (ரஹ்ன்) போன்றது என்கின்றனர். உரிமையாளர் அதைச் செலவு செய்துகொள்வதற்கு வழக்கத்தில் இசைவு இருப்பதால் கடன் (கர்ள்) என்பார் வேறு சிலர். மூன்றில் எதுவாயினும் முடிவு ஒன்றுதான்: அது கொடுத்தவருக்குத் திரும்பிச் செல்லவேண்டிய பணம். கையில் இருக்கிறது என்பதனாலேயே அது உரிமையாளருக்குச் சொந்தமாகிவிடாது.

அமானிதங்களை அவற்றுக்கு உரியவர்களிடம் ஒப்படைக்குமாறு அல்லாஹ் கட்டளையிடுகிறான் (4:58). பயணத்தில் எழுதுபவர் கிடைக்காதபோது அடமானம் பெற்றுக்கொள்ள அனுமதிக்கும் வசனமும் (2:283), நம்பி ஒப்படைக்கப்பட்டவர் அந்த அமானிதத்தை நிறைவேற்றட்டும், அல்லாஹ்வை அஞ்சட்டும் என்று எச்சரிக்கிறது. அறியாமைக் காலத்தில் தவணை கடந்துவிட்டால் அடமானப் பொருள் முழுவதையும் வாங்கி வைத்திருப்பவரே விழுங்கிவிடும் வழக்கம் இருந்தது. அடமானம் அவ்வாறு பறிபோகாது என்று நபி (ஸல்) அவர்கள் தடுத்தார்கள். இமாம் மாலிக் (ரஹ்) அவர்களின் முவத்தாவில் இது இடம்பெற்றுள்ளது. இருநூறு ரூபாய் சேதத்திற்கு ஐயாயிரம் ரூபாயையும் பிடித்துக்கொள்வது அந்த அறியாமைக் கால வழக்கத்தின் மறுவடிவம் அன்றி வேறென்ன?

அமானிதத்தில் மதம் பார்க்கப்படுவதில்லை. ஹிஜ்ரத்தின்போது நபி (ஸல்) அவர்கள், தம்மைக் கொல்ல முனைந்த மக்காவாசிகளின் பொருள்களை உரியவர்களிடம் சேர்ப்பதற்காக அலி (ரலி) அவர்களை விட்டுச்சென்றார்கள். வீட்டுக்காரர் யார், விருந்தினர் யார் என்பதைப் பொறுத்து நம் நேர்மை மாறக்கூடாது.

எதற்கு ஈடு கொடுக்க வேண்டும்?

வாடகைக்கு எடுத்த பொருள் வாடகைதாரரின் கையில் அமானிதமாக இருக்கிறது. ஹனஃபி, ஷாஃபிஈ உள்ளிட்ட நான்கு மத்ஹபுகளும் இதில் ஒத்த கருத்துடையவை. வரம்பு மீறினாலோ, கவனக்குறைவாக இருந்தாலோதான் அவர் ஈடு செய்யவேண்டும், இல்லையேல் இல்லை.

மின்னழுத்தம் ஏறி இறங்கிக் கீசர் கருகிவிட்டது. காற்றடித்து ஜன்னல் கண்ணாடி உடைந்தது. பல ஆண்டு பழகிய நாற்காலி ஒருவர் அமர்ந்ததும் கால் ஒடிந்தது. இவற்றுக்கு விருந்தினர் பொறுப்பல்லர். துண்டு நைவதும், தரை விரிப்பு மங்குவதும், சுவரின் வண்ணம் மாறுவதும் தங்கியதன் இயல்பான விளைவுகள். அவற்றுக்கான விலை வாடகையிலேயே அடங்கிவிட்டது. அதற்கு மீண்டும் பணம் கேட்பது ஒரே பொருளுக்கு இருமுறை விலை வாங்குவதாகும்.

எந்தக் காரணத்தால் சேதமானாலும் விருந்தினரே பொறுப்பு என்று ஒப்பந்தத்தில் எழுதிக் கையெழுத்து வாங்குகிறார்களே என்று கேட்கலாம். அமானிதம் வைத்திருப்பவர் மீது அவ்வாறு பொறுப்பைச் சுமத்தும் நிபந்தனை செல்லாது என்பதே பெரும்பாலான சட்ட மேதைகளின் தீர்ப்பு.

உஸ்மானியப் பேரரசில் 1876 இல் முற்றுப்பெற்ற 'மஜல்லா' என்னும் ஹனஃபி சட்டத் தொகுப்பு, இரவல் பொருளைப் பற்றிப் பேசும்போது தெளிவான இரண்டு எடுத்துக்காட்டுகளைத் தருகிறது. கால் இடறியதால் கையிலிருந்த கண்ணாடி விழுந்து உடைந்தால் ஈடில்லை. விரிப்பின் மீது எதையேனும் கொட்டிக் கறையாக்கி அதன் மதிப்பைக் குறைத்தால் ஈடு உண்டு. இலவசமாகப் பெற்ற இரவலுக்கே இந்தச் சலுகை என்றால், வாடகை கொடுத்துப் பெற்ற பொருளுக்கு இது இன்னும் பொருந்தும் அல்லவா?

அதே வேளையில் விருந்தினரின் பொறுப்பையும் மறந்துவிடக் கூடாது. பிள்ளைகள் கட்டிலில் குதித்துப் பலகையை உடைப்பதைப் பார்த்துக்கொண்டு இருப்பது, அடுப்பை அணைக்காமல் வெளியே செல்வது, ஆறு பேருக்கென்று எடுத்த வீட்டில் பன்னிரண்டு பேர் தங்குவது ஆகியன வரம்பு மீறலும் கவனக்குறைவுமே. வேண்டுமென்றே செய்யவில்லை என்பதால் பாவம் நீங்கலாம். பொருளிழப்பின் கடன் நீங்காது. வாடகைக்கென்றே வைத்திருக்கும் வீட்டில் நேரம் கடந்து தங்கினால் அதற்குரிய நியாயமான வாடகையையும் கொடுக்க வேண்டும்.

எவ்வளவு கொடுக்க வேண்டும்?

நபி (ஸல்) அவர்களின் இல்லத்தில் நடந்த நிகழ்ச்சி ஒன்றை அனஸ் (ரலி) அவர்கள் அறிவிப்பதாக ஸஹீஹுல் புகாரியில் காண்கிறோம். நபியவர்கள் தம் மனைவியருள் ஒருவரது வீட்டில் இருந்தபோது, இன்னொரு மனைவி பணியாள் மூலம் ஒரு பாத்திரத்தில் உணவு அனுப்பினார். வீட்டிலிருந்தவர் ரோஷத்தால் பணியாளின் கையைத் தட்டிவிட, பாத்திரம் விழுந்து உடைந்தது. நபியவர்கள் கோபப்படவில்லை. உடைந்த துண்டுகளைத் தாமே ஒன்று சேர்த்து, சிந்திய உணவையும் அள்ளி வைத்தார்கள். பிறகு உடைத்தவரின் வீட்டிலிருந்து உடையாத பாத்திரம் ஒன்றைப் பெற்று, பாத்திரத்திற்கு உரியவரிடம் அனுப்பினார்கள். உடைந்ததை, உடைத்தவரின் வீட்டிலேயே வைத்துக்கொண்டார்கள்.

இந்த ஒரு நிகழ்ச்சியில் எத்தனை படிப்பினைகள்! பொருளுக்குப் பொருள் ஈடு. அதற்கு மேல் அபராதம் இல்லை. முழு ஈடும் கொடுத்த பின் உடைந்த பொருள் ஈடு கொடுத்தவருக்குச் சேரும். உரிமையாளர் பணத்தையும் பெற்று, பழுதான பொருளையும் வைத்துக்கொண்டு, அதைச் சரிசெய்து மறுபடியும் பயன்படுத்துவது இதற்கு மாற்றமானது.

அன்பர்களே! ஓர் எடுத்துக்காட்டைக் கணக்கிட்டுப் பாருங்கள். ஐந்து ஆண்டுகளுக்கு முன் 25,000 ரூபாய்க்கு வாங்கிய தொலைக்காட்சிப் பெட்டி ஒன்று விருந்தினரின் கவனக்குறைவால் கீழே விழுந்தது என்று வைத்துக்கொள்வோம். பழுது பார்க்க 3,000 ரூபாய் ஆகுமானால், அதுவே ஈடு. பழுது பார்க்க முடியாதெனில், அதே அளவு பழைய பெட்டி இன்று சந்தையில் 7,000 ரூபாய் பெறுமானால், 7,000 ரூபாய்தான் ஈடு. புதிய பெட்டியின் விலை அல்ல. உடைந்த பெட்டி விருந்தினருக்குரியது. காப்புத் தொகை 5,000 மட்டுமே இருந்தால் மீதி 2,000 ரூபாயை விருந்தினர் கேட்காமலே கொடுக்கக் கடமைப்பட்டவர். டெபாசிட்டோடு முடிந்தது என்று அவர் கைகழுவ முடியாது.

தாவூத் (அலை), ஸுலைமான் (அலை) ஆகியோர் அளித்த தீர்ப்பை அல்குர்ஆன் (21:78, 79) நினைவூட்டுகிறது. ஒருவரின் ஆடுகள் இரவில் இன்னொருவரின் விளைநிலத்தில் புகுந்து மேய்ந்துவிட்டன. விரிவுரையாளர்கள் தரும் விளக்கத்தின்படி, ஆடுகளையே நிலத்துக்காரருக்குக் கொடுத்துவிடத் தாவூத் (அலை) தீர்ப்பளித்தார்கள். ஸுலைமான் (அலை) அவர்களோ, நிலம் பழைய நிலைக்கு வரும்வரை ஆட்டின் பாலையும் ரோமத்தையும் நிலத்துக்காரர் அனுபவித்து, பிறகு ஆடுகளைத் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்றார்கள். இழந்தவருக்கு இழந்த அளவு கிடைத்தது. இழப்பை ஏற்படுத்தியவரின் உடைமை அழியவில்லை. அந்தத் தீர்ப்பின் விளக்கத்தைத் தானே ஸுலைமானுக்கு அளித்ததாக அல்லாஹ் கூறுகிறான்.

யார் நிரூபிக்க வேண்டும்?

வாதிடுபவர் சான்று கொண்டுவர வேண்டும். மறுப்பவர் சத்தியம் செய்ய வேண்டும் என்பது ஷரீஅத்தின் நீதிமுறை. இந்தச் சேதத்தை நீங்கள்தாம் செய்தீர்கள் என்று உரிமையாளர் சொன்னால், சான்று காட்டவேண்டியவர் அவரே. பணம் அவர் கையில் இருப்பதால் தாமே வாதியாகவும் தாமே நீதிபதியாகவும் ஆகிவிடுகிறார். இங்குதான் இறையச்சம் தேவைப்படுகிறது.

வாதத் திறமையால் தம் பக்கம் தீர்ப்பைப் பெற்றவர், அது பிறர் உரிமையாக இருந்தால் நெருப்புத் துண்டையே எடுத்துச் செல்கிறார் என நபி (ஸல்) அவர்கள் எச்சரித்தார்கள். உம்மு ஸலமா (ரலி) அவர்களின் இந்த அறிவிப்பு புகாரி, முஸ்லிம் இரண்டிலும் உள்ளது. நீதிமன்றத் தீர்ப்புக்கே இந்த நிலை என்றால், தமக்குத் தாமே தீர்ப்பளித்துக்கொள்பவரின் நிலை என்ன?

சச்சரவே எழாமல் தடுக்கும் வழியையும் மார்க்கம் காட்டித் தந்துள்ளது. சிறிதாயினும் பெரிதாயினும் எழுதிக்கொள்வதில் சடைவடையாதீர்கள் என்பது 2:282 ஆம் வசனத்தின் அறிவுரை. எனவே சாவி வாங்கியவுடன் வீட்டிலுள்ள பொருள்களின் பட்டியலை இருவரும் சரிபார்த்துக் கையெழுத்திடுங்கள். ஏற்கெனவே உள்ள கறை, விரிசல், கீறல் ஆகியவற்றைக் கைப்பேசியில் படம் எடுத்து உரிமையாளருக்கு உடனே அனுப்பிவிடுங்கள். குழாய், கீசர், அடுப்பு, தாழ்ப்பாள் ஆகியவற்றை இயக்கிப் பாருங்கள். புறப்படும்போதும் அவ்வாறே படம் எடுத்து, காவலாளியையோ உரிமையாளரையோ உடன் வைத்துக்கொண்டு வீட்டைச் சுற்றிக் காட்டுங்கள். காப்புத் தொகை எவ்வளவு, எந்த நாளில் திரும்பக் கிடைக்கும், துப்புரவுக் கட்டணம் தனியா என்பனவற்றை முன்பே எழுத்தில் பெறுங்கள்.

நாட்டுச் சட்டம் என்ன சொல்கிறது?

1872 ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம் 74 ஆம் பிரிவின்படி, ஒப்பந்தத்தில் ஒரு தொகை குறிப்பிடப்பட்டிருந்தாலும் அதற்கு மேற்படாத நியாயமான இழப்பீடே கிடைக்கும். 2019 ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், மிதமிஞ்சிய காப்புத் தொகை கேட்பதையும், இழப்புக்குச் சற்றும் பொருந்தாத அபராதம் விதிப்பதையும் நியாயமற்ற ஒப்பந்தத்தின் அடையாளங்களாக வகைப்படுத்துகிறது.

வீட்டைத் தொழிலாகவே வாடகைக்கு விடுபவர் அநியாயமாகப் பணத்தைப் பிடித்துக்கொண்டால், முதலில் கணக்கும் ரசீதும் எழுத்தில் கேளுங்கள். பயனில்லையெனில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் முறையிடலாம். அதன் பிறகு மாவட்ட நுகர்வோர் ஆணையத்தை இரண்டு ஆண்டுகளுக்குள் அணுகலாம். இதற்காக மலை ஊருக்கு அலைய வேண்டியதில்லை. நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே மனு கொடுக்கலாம். ஐந்து லட்சம் ரூபாய் வரையிலான வழக்குகளுக்குக் கட்டணமும் இல்லை. ஆனால் பொய்யான வழக்கை அதிகாரிகளிடம் கொண்டுசென்று பிறர் பொருளை உண்ணாதீர்கள் என்ற இறை எச்சரிக்கை (2:188) நமக்கும் சேர்த்தே சொல்லப்பட்டது.

உரிமையாளர்களே, விருந்தினர்களே!

வீட்டை வாடகைக்கு விடும் சகோதரர்களே! பிடித்த ஒவ்வொரு ரூபாய்க்கும் காரணத்தையும் ரசீதையும் காட்டுங்கள். மீதியை அன்றே கொடுங்கள். விருந்தினர் ஊர் திரும்பிவிட்டார், இருநூறு ரூபாய்க்காக மீண்டும் வரவா போகிறார் என்று எண்ணாதீர்கள். அவர் வராவிட்டாலும் அந்தக் கணக்கு வரும்.

தங்கச் செல்லும் சகோதரர்களே! உடைந்ததை உடைந்தது என்று நீங்களே முன்வந்து சொல்லுங்கள். பிள்ளைகளின் முன்னிலையில் சொல்லுங்கள். மேடைப் பேச்சுகளில் கிடைக்காத பாடம் அவர்களுக்கு அங்கே கிடைக்கும். முன்பு எங்கேனும் மறைத்துவிட்டு வந்திருந்தால், இன்றே தொடர்புகொண்டு ஈடு கொடுங்கள், அல்லது ஹலாலாக்கித் தரும்படி கேளுங்கள். பிறருக்கு அநீதி இழைத்தவர், தீனாரும் திர்ஹமும் பயன்படாத நாள் வருமுன் இங்கேயே அதைத் தீர்த்துக்கொள்ளட்டும் என்பது நபி (ஸல்) அவர்களின் அறிவுரை. அந்த நாளில் ஈடாகப் பிடிக்கப்படுவது டெபாசிட் அல்ல. நம் தொழுகையும் நோன்பும் தர்மமும்தாம்.

பிறர் பொருளைப் பேணவும், பிறர் உரிமையைக் குறைவின்றி ஒப்படைக்கவும் வல்ல ரஹ்மான் நம் அனைவருக்கும் தௌஃபீக் செய்வானாக! ஆமீன்.