உறங்கும் நேரமும் பகல் வெளிச்சமும்

நம் உறுப்பினர் இல்லங்கள் பலவற்றில் நாள்தோறும் ஒரு வழக்கு நடைபெறுகின்றது. தாத்தா விடியுமுன் மூன்று மணிக்கே எழுந்து திண்ணையில் அமர்ந்துவிடுகின்றார். கல்லூரியில் பயிலும் பேரனோ எட்டு மணியாகியும் பாயை விட்டு எழுவதில்லை. அவன் சோம்பேறி என்று ஏச்சுப் பெறுகின்றான். இத்தீர்ப்பு நியாயமானதா என்பதை ஈண்டு ஆராய்வோம்.

நம் உடலினுள் ஒரு கடிகாரம் உண்டு. மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் எம்.கே. சந்திரசேகரன் குழுவினர், பகலும் இரவும் அறியவொண்ணாத தனியறையில் மனிதரை வாழச்செய்து இதனை ஆராய்ந்தனர். நேரம் அறியாத நிலையிலும் உறக்கமும் விழிப்பும் மாறி மாறி வந்தன. ஆயினும் வெளிச்சத்தின் துணையில்லாக் கடிகாரம், பெரும்பாலோரிடம் 24 மணிக்குச் சற்று மிகுதியாகவே ஓடும். அதனை நாள்தோறும் திருத்தி வைப்பது கதிரவன் ஒளியே. கண்ணின் விழித்திரையிலுள்ள தனிவகை உயிரணுக்கள் அவ்வொளியை உணர்ந்து மூளைக்கு அறிவிக்கின்றன. காலை ஒளி கடிகாரத்தை முன்னே தள்ளும். இரவு வெளிச்சம் பின்னுக்கு இழுக்கும்.

வயதும் இதில் பங்கு கொள்கின்றது. ஜெர்மனியின் மியூனிக் நகரத்து ஆய்வாளர் டில் ரோனபெர்க் குழுவினர் 2004-இல் வெளியிட்ட முடிவின்படி, இளமைப் பருவத்தில் உறங்கும் நேரம் ஆண்டுதோறும் பின்தள்ளிச் சென்று, ஏறக்குறைய 20 வயதில் உச்சத்தை அடைகின்றது. அதன்பின் மெல்ல மெல்ல முன்னோக்கி வருகின்றது. ஆகவே தாத்தாவின் விடியலும் பேரனின் தாமதமும் பெரிதும் இயற்கையின் ஏற்பாடே.

ஆயினும் முழுப் பொறுப்பையும் இயற்கையின்மேல் சுமத்திவிடலாகாது. திறந்த வெளியில் மேகமூட்ட நாளிலும் ஒளி பல்லாயிரம் லக்ஸ் அளவினதாக இருக்கும். வீட்டினுள் விளக்கொளி சில நூறு லக்ஸே. வயலில் நிற்கும் உழவரும், விடியற்காலையில் தெருவில் பாவு விரித்துக் கஞ்சியிடும் நெசவாளரும் வேண்டிய ஒளியைப் பெறுகின்றனர். நாளெல்லாம் குழித்தறியில் அமர்ந்திருப்போரும், அம்பத்தூர்த் தொழிற்பேட்டையிலும் ஆவடித் தொழிற்சாலைகளிலும் கூரையின்கீழ் உழைப்போரும் அதனை இழக்கின்றனர். அமெரிக்காவின் கொலராடோவில் 2013-இல் வெளியான ஓர் ஆய்வில், மின்விளக்கின்றி ஒரு வாரம் கூடாரத்தில் வாழ்ந்தோரின் உடற்கடிகாரம் ஏறத்தாழ இரண்டு மணி நேரம் முன்னே நகர்ந்தது. இரவில் நெடுநேரம் விழிக்கும் இயல்பினரிடமே இம்மாற்றம் மிகுதியாகக் காணப்பட்டது.

எனவே உறுப்பினர்கட்கு நாம் கூறுவன இவை. பிள்ளைகளை ஏசுவதினும், காலையில் அரைமணி நேரம் வெளியே அனுப்புதல் நன்று. பூப்பறிக்கவோ, ஆவடி ரயில் நிலையம் வரை நடக்கவோ செய்யட்டும். இரவில் கைப்பேசியின் ஒளியை முன்னதாகவே நிறுத்துக. தறியைச் சன்னலருகே அமைத்தல் கண்ணுக்கும் துயிலுக்கும் உதவும். மிக முன்னதாக விழித்து வருந்தும் முதியோர் மாலை வெளிச்சத்தில் சற்று உலாவலாம். இரவு ஷிப்டு முடித்து வருவோர் உறங்கும் அறையை இருட்டாக்கிக்கொள்க. அவர் துயிலைக் கலைக்காதிருத்தல் வீட்டாரின் கடமை.

வெயில் விலையின்றிக் கிடைப்பது. அதனைக் காலம் அறிந்து பயன்கொள்வோமாக. உறங்குவோரைப் பழிக்குமுன் அவர் வயதையும் வேலையையும் எண்ணிப் பார்ப்போமாக.