உலகின் வடகோடி நிலம் எது?

கிரீன்லாந்தின் வடகரையை ஒட்டி, ஆண்டின் பெரும்பகுதி உறைந்தே கிடக்கும் கடலில் காஃபிக்ளுபன் என்றொரு தீவு இருக்கிறது. நீளம் ஒரு கிலோமீட்டர்கூட இல்லை. மனிதர் வசிப்பதும் இல்லை. 1921இல் இங்கே இறங்கிய டென்மார்க் நிலவியலாளர் லாகே கோக், கோபன்ஹேகன் கனிம அருங்காட்சியகத்தின் காபிக் குழுவினர் நினைவாக இப்பெயரைச் சூட்டினார். உலகின் வடகோடி நிலம் என்ற பெருமை இதற்குத்தான் உரியது. ஆனால் இடையில் நாற்பது ஆண்டுகளுக்கு மேல் அந்தப் பெருமை வேறிடத்துக்குப் போயிருந்தது. 1978இல் டென்மார்க் நில அளவையாளர்கள் இதற்கும் வடக்கே சிறு கல்மேடு ஒன்றைக் கண்டு, துருவப் பயணி ராபர்ட் பியரியுடன் சென்ற இனுயிட் இனத்தவர் ஒருவர் நினைவாக ஊடாக் என்று பெயரிட்டனர். அதன் பின் இப்பகுதியில் வேறு சில திட்டுகளும் தென்பட்டன. அவற்றில் பல, மறுபடி தேடியபோது கிடைக்கவில்லை. 2021இல் மேலும் வடக்கே இன்னொன்று கிடைத்ததாகச் செய்தி வந்தது: 60 மீட்டர் நீளம், கடல்மட்டத்துக்கு மேல் சுமார் 3 மீட்டர் உயரம்.

ஒரு திட்டு தீவா இல்லையா என்பதை நீருக்கு மேலே தெரிவதை வைத்துத் தீர்மானிக்க முடியாது. கீழே என்ன இருக்கிறது என்று அளந்தாக வேண்டும். 2022இல் சென்ற ஆய்வுக் குழு அதைத்தான் செய்தது. தீவுகள் இருந்ததாகச் சொல்லப்பட்ட இடங்களில் கடலின் ஆழம் 25 மீட்டருக்கும் அதிகம். அத்தனை ஆழத்திலிருந்து மேலெழும் பாறை எதுவும் அங்கே இல்லை. அந்தத் திட்டுகள் தரைதட்டி நின்ற பனிப்பாறைகள் என்று குழு முடிவுக்கு வந்தது. கணக்கும் பொருந்துகிறது: மிதக்கும் பனியில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்குதான் வெளியே தெரியும். மேலே 3 மீட்டர் என்றால் கீழே 25 மீட்டருக்கு மேல் இருந்தாக வேண்டும். அந்தக் கடலில் அது தரைதட்டும்.

அங்கே மண்ணையும் கல்லையும் மனிதர்கள் மிதித்தே பார்த்தார்களே என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். பனியாறுகள் நிலத்தைச் சுரண்டியபடி நகர்பவை. அவற்றிலிருந்து உடைந்து வரும் பனிப்பாறைகள் அந்த மண்ணையும் சுமந்தே வருகின்றன. எனவே மேலே கிடக்கும் கல், பனி எங்கிருந்து வந்தது என்பதற்குச் சான்றாகுமே தவிர, அது நிற்கும் இடம் நிலம் என்பதற்குச் சான்றாகாது. ஆண்டுக்கணக்கில் அசையாமல் நின்றால் தீவு என்றே கொள்ளலாமே என்பது அடுத்த வாதம். 1982ஆம் ஆண்டின் ஐ.நா. கடல் சட்ட உடன்படிக்கை இதற்கு இடம் தரவில்லை. இயற்கையாக உருவான நிலப்பரப்பாக இருக்க வேண்டும், கடல் ஏற்றத்தின்போதும் மூழ்காதிருக்க வேண்டும் என்கிறது அது. உருகினால் மறையும் பனி, நிலம் ஆகாது. நாடுகளின் கடல் எல்லைகள் கரையிலிருந்தே அளக்கப்படுவதால் இந்த வேறுபாடு முக்கியமானது.

காஃபிக்ளுபனின் நிலை வேறு. 1900இல் பியரி கண்ட அதே இடத்தில் அது இன்றும் நிற்கிறது. அதன் கற்களிடையே ஊதாநிறச் சாக்ஸிஃப்ரேஜ் செடி வேர்விட்டுப் பூக்கிறது.