விற்ற வண்டி கணக்கில் ஓடலாமா?

சந்திரகிரி என்றதும் கோட்டையும் ராஜமகாலும் நினைவுக்கு வரும். ஆனால் சுற்றியுள்ள ஊர்களில் பல குடும்பங்களுக்குச் சோறு போடுவது கறவை மாடு. விடியுமுன் பால் கறக்கிறார்கள். மையத்தில் அளந்து ஊற்றுகிறார்கள். பால் வண்டி வந்து ஏற்றிச் செல்கிறது. 2022 வரை சித்தூர் மாவட்டத்தில் இருந்த சந்திரகிரி, அந்த ஆண்டு முதல் திருப்பதி மாவட்டத்தில் இருக்கிறது.

பால் ஊற்றும் பெண்களே கம்பெனிக்கு முதலாளிகளாக இருப்பதும் இந்தப் பக்கத்தில் உண்டு. திருப்பதியில் 2014-ஆம் ஆண்டு தொடங்கிய ஸ்ரீஜா மகளிர் பால் உற்பத்தியாளர் கம்பெனியில் உறுப்பினர்கள் எல்லாரும் பெண்களே. உற்பத்தி செய்பவர்களே சேர்ந்து இப்படிக் கம்பெனி நடத்த வழி செய்தது 2002-ஆம் ஆண்டின் சட்டத் திருத்தம்.

கம்பெனியில் பங்கு இருந்தால் லாபத்திலும் பங்கு உண்டு. லாபத்தைச் சொல்வது கணக்கு. ஆகவே கணக்கில் ஒரு வண்டியைத் தவறாக எழுதினால், அது பால் ஊற்றும் பெண்ணின் பணத்தைத் தொடும்.

தேய்மானம் என்றால் என்ன?

தேய்மானம் என்றதும் டயர் தேய்வதை நினைக்க வேண்டாம். இது விலை தேய்வது.

இரண்டாம் ஈத்து மாட்டை நல்ல விலை கொடுத்து வாங்குகிறோம். ஆறாம் ஈத்தில் அதே மாட்டைச் சந்தைக்கு ஓட்டிப் போனால் அந்த விலை கிடைக்குமா? கிடைக்காது. வண்டியும் அப்படித்தான். ஓட ஓட அதன் விலை குறையும். ஆண்டுதோறும் எவ்வளவு குறைந்தது என்று கணக்கில் எழுதுவதே தேய்மானம்.

வண்டி எத்தனை ஆண்டு உழைக்கும் என்பதற்கு 2013-ஆம் ஆண்டின் கம்பெனிச் சட்டம் ஓர் அளவு வைத்திருக்கிறது. சொந்த வேலைக்கு ஓடும் லாரிக்கும் காருக்கும் 8 ஆண்டு. வாடகைக்கு ஓட்டினால் 6 ஆண்டு. ஸ்கூட்டருக்கும் மோட்டார் சைக்கிளுக்கும் 10 ஆண்டு. வேறு அளவு வைக்க விரும்பும் கம்பெனி அதற்குக் காரணம் காட்ட வேண்டும்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். இது எந்தக் கம்பெனியின் கணக்கும் அல்ல. விளக்கத்துக்காகப் போட்டது.

சொந்தப் பால் லாரி ஒன்றின் விலை 8,00,000 ரூபாய். 8 ஆண்டு உழைத்து ஓய்ந்தபின் பழைய இரும்பாகப் போட்டால் 40,000 ரூபாய் கிடைக்கும் என்று வைத்துக் கொள்வோம். மீதி 7,60,000 ரூபாய். இதை 8 ஆண்டுக்குப் பிரித்தால் ஆண்டுக்கு 95,000 ரூபாய். இதுதான் ஓர் ஆண்டின் தேய்மானம்.

இந்த 95,000 ரூபாயை யாரிடமும் எண்ணிக் கொடுப்பதில்லை. பிறகு ஏன் செலவு என்று எழுத வேண்டும்? எழுதாவிட்டால் லாபம் அந்த அளவுக்குக் கூடுதலாகத் தெரியும். அதை நம்பிப் பணத்தைப் பங்கு போட்டு விடுவார்கள். எட்டாம் ஆண்டில் லாரி படுத்துவிடும். அடுத்த லாரி வாங்கப் பெட்டியில் பணம் இருக்காது.

விற்கும்போது வரும் தவறு

லாரி 5 ஆண்டு ஓடியது. தேய்மானம் மொத்தம் 4,75,000 ரூபாய். 8,00,000-இல் இதைக் கழித்தால் 3,25,000 ரூபாய். லாரிக்குப் புத்தகத்தில் உள்ள மதிப்பு இதுதான்.

அந்த லாரி 2,75,000 ரூபாய்க்கு விலை போகிறது. அப்படியானால் 50,000 ரூபாய் நட்டம்.

ஆனால் கணக்கு எழுதுபவர் என்ன செய்கிறார்? பணம் வந்தது, எனவே வரவு என்று நினைக்கிறார். 2,75,000 ரூபாயையும் வருமானம் என்று எழுதி விடுகிறார். லாரியைச் சொத்துக் கணக்கிலிருந்து எடுக்கவில்லை. இது அடிக்கடி நடக்கும் தவறு. பணம் கைக்கு வந்ததால் யாருக்கும் சந்தேகம் வருவதில்லை.

விளைவைப் பாருங்கள். 50,000 ரூபாய் நட்டம் காட்ட வேண்டிய இடத்தில் 2,75,000 ரூபாய் வருமானம் நிற்கிறது. இரண்டையும் கூட்டினால் 3,25,000 ரூபாய். அவ்வளவும் இல்லாத லாபம். கம்பெனியில் 500 உறுப்பினர்கள் இருந்தால் தலைக்கு 650 ரூபாய். இதை நம்பிப் போனஸ் கொடுத்தால், அது லாபத்திலிருந்து வந்த பணம் அல்ல. முதலிலிருந்து எடுத்த பணம். விதை நெல்லைக் குத்திச் சமைத்த கதைதான்.

தவறு அதோடு நிற்பதும் இல்லை. அடுத்த ஆண்டும் அந்த லாரிக்கு 95,000 ரூபாய் தேய்மானம் எழுதுகிறார்கள். லாரி வேறு யாரிடமோ ஓடுகிறது. தேய்மானம் இங்கே ஓடுகிறது! முதல் ஆண்டில் லாபம் கூடித் தெரிந்தது. இப்போது குறைந்து தெரிகிறது. இரண்டு ஆண்டும் பொய்க் கணக்கு.

எப்படித் திருத்துவது?

முதலில் வண்டிகளை எண்ண வேண்டும். சொத்துப் பதிவேட்டைக் கையில் எடுத்துக்கொண்டு கொட்டகைக்குப் போக வேண்டும். ஏட்டில் உள்ள ஒவ்வொரு வண்டியும் கண் முன்னே நிற்கிறதா? நிற்கும் ஒவ்வொரு வண்டியும் ஏட்டில் இருக்கிறதா? ஆடிட்டர் வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை. பதிவு எண்ணை வாசிக்கத் தெரிந்த எவரும் இதைச் செய்யலாம்.

தவறு அதே ஆண்டில் தெரிந்தால் வேலை எளிது. கணக்கு முடியுமுன் திருத்தப் பதிவு போட்டு விடலாம்.

ஆண்டுக் கணக்கு முடிந்து, பொதுக்கூட்டத்தில் ஒப்புதலும் வாங்கிய பிறகு தெரிந்தால்? பழைய பக்கத்தைக் கிழிக்கக் கூடாது. அடித்து மாற்றியும் எழுதக் கூடாது. தவறு தெரிந்த ஆண்டில் புதிய பதிவு போட வேண்டும்.

நம் லாரிக்கு அது இப்படி இருக்கும். சொத்தில் நிற்கும் 8,00,000 ரூபாயை எடுக்க வேண்டும். அதற்கு எதிரே சேர்ந்திருக்கும் 4,75,000 ரூபாய்த் தேய்மானத்தையும் எடுக்க வேண்டும். இரண்டுக்கும் உள்ள வேறுபாடு 3,25,000 ரூபாய். இதை முந்தைய ஆண்டின் பிழை என்று பெயர் சொல்லித் தனியாகக் காட்ட வேண்டும். இந்த ஆண்டுச் செலவோடு கலந்து மறைக்கக் கூடாது. இந்த ஆண்டு தவறாக எழுதிய 95,000 ரூபாயையும் திருப்பி எழுத வேண்டும். சில பெரிய கம்பெனிகளுக்கு வேறு விதி உண்டு. அவை பழைய ஆண்டின் தொகைகளையே திருத்திக் காட்டும். எது பொருந்தும் என்பதை ஆடிட்டர் சொல்வார்.

கம்ப்யூட்டரில் எழுதினால் சத்தமில்லாமல் மாற்றி விடலாமே என்று சிலர் நினைக்கலாம். அதற்கும் கதவு அடைத்தாயிற்று. 2023 ஏப்ரல் 1 முதல், கம்பெனிகளின் கணக்கு மென்பொருளில் ஒவ்வொரு மாற்றமும் தேதியோடு பதிவாக வேண்டும். அந்த வசதியை நிறுத்தி வைக்கவும் கூடாது. கணக்குப் புத்தகங்களை 8 ஆண்டு பாதுகாக்க வேண்டும் என்பதும் சட்டம்.

வேறு சில தவறுகளும் உண்டு. அக்டோபர் முதல் தேதி வாங்கிய வண்டிக்கு மார்ச் முடிய ஆறு மாதத் தேய்மானம்தான் வரும். முழு ஆண்டுக்கு எழுதி விடுவார்கள். டயர் மாற்றிய செலவை வண்டியின் விலையோடு சேர்த்து விடுவார்கள். அது பழுதுச் செலவு. வருமான வரிக்குப் போடும் தேய்மானக் கணக்கு வேறு முறை. அதில் வேறு தொகை இருப்பதைக் கண்டு தவறு என்று பதற வேண்டாம்.

ஆர்.சி. யார் பெயரில் இருக்கிறது?

ஏட்டில் திருத்தினால் மட்டும் போதாது. ஆர்.சி. புத்தகத்திலும் பெயர் மாற வேண்டும். வண்டியை விற்றவர் படிவம் 29-இல் தகவல் தர வேண்டும். பெயர் மாற்றத்துக்குப் படிவம் 30 உண்டு. வாங்கியவர் அதே மாநிலத்தில் இருந்தால் விற்றவர் 14 நாளுக்குள் பதிவு அதிகாரிக்குத் தெரிவிக்க வேண்டும்.

தெரிவிக்காவிட்டால் என்ன ஆகும்? 2018-இல் உச்ச நீதிமன்றம் ஒரு வழக்கில் தீர்ப்புச் சொன்னது. அந்தக் கார் பல கை மாறியிருந்தது. ஆர்.சி.யில் பெயர் மாறவில்லை. விபத்து நடந்தது. பதிவில் யார் பெயர் இருக்கிறதோ அவரே உடைமையாளர், நட்ட ஈட்டுப் பொறுப்பு அவருடையதே என்றது நீதிமன்றம். விற்றுப் பணமும் வாங்கிய லாரிக்காக, கம்பெனி இப்படி லட்சக்கணக்கில் கொடுக்க நேரலாம். அந்தப் பணமும் உறுப்பினர்களுடையதுதான்.

ஓடாத வண்டியை உடைக்கப் போட்டாலும் இதே கவனம் வேண்டும். 2021-ஆம் ஆண்டு விதிகளின்படி பதிவு பெற்ற உடைப்பு நிலையங்கள் உள்ளன. வண்டியை உடைத்தபின் அங்கே சான்று தருவார்கள். அந்தச் சான்றின் நகலை, சொத்துப் பதிவேட்டில் அந்த வண்டி உள்ள பக்கத்தோடு கோத்து வைக்க வேண்டும்.