முட்டு விலகிய மலை

சுவிட்ஸர்லாந்தில் ஃபிளிம்ஸ் என்னும் ஊரை அடுத்த பெருங்காட்டில் உலாவி, அதன் நடுவிலுள்ள நீல ஏரியில் நீராடித் திரும்புகிறவர்களிடம், அவர்கள் மிதித்து வந்த பூமி முழுவதும் வடக்கே நின்ற மலையின் ஒரு பாகம் பெயர்ந்து விழுந்த குவியல்தான் என்று சொன்னால், எளிதில் நம்பமாட்டார்கள். ஏறத்தாழ 9,400 ஆண்டுகளுக்கு முன் அங்கே சரிந்த சுண்ணாம்புப் பாறை 8 கன கிலோமீட்டருக்கும் அதிகம். ஆல்ப்ஸ் மலைகளில் அதை மிஞ்சிய சரிவு வேறில்லை. ரைன் நதியின் தலையாறுகளுள் ஒன்று அதனால் வழி அடைபட்டு, ஏரியாகத் தேங்கி, பின்னர் அணையை உடைத்துக்கொண்டு, காலக்கிரமத்தில் அக்குவியலின் ஊடே வெண்ணிறச் செங்குத்துச் சுவர்களையுடைய ருய்னால்தா என்னும் மலையிடுக்கை அறுத்தது. 1903 முதல் ரயிலும் அவ்வழியேதான் போகிறது.

இத்தகைய சரிவுகளில் பனியாறு செய்யும் வேலை இரண்டு விதமானது. அடிவாரத்தை அரித்து மலைச் சரிவைச் செங்குத்தாக்குவது ஒன்று. அப்படிப் பலவீனமாக்கிய சரிவைத் தன் உடலாலேயே, பழஞ்சுவருக்கு முட்டுக் கொடுத்தாற்போல், தாங்கி நிற்பது மற்றொன்று. பனி உருகியதும் அந்த முட்டு போய்விடுகிறது. யுகக்கணக்கில் அழுத்தப்பட்டிருந்த பாறை, பாரம் நீங்கியதனால் சற்றே விரிந்து வெடிப்புக் காண்கிறது. வெடிப்பில் நீர் புகுந்து உறைந்து அதை அகலமாக்குகிறது. ஆனால் மலை உடனே விழுந்துவிடும் என்பதில்லை. ஃபிளிம்ஸ் சரிவு பனியாற்றின் காலத்தோடு ஒட்டி நிகழ்ந்தது என்றே முன்னாளைய பூகர்ப்ப சாஸ்திரிகள் கருதினார்கள். பனி நீங்கிப் பல்லாயிரம் ஆண்டுகள் கழித்தே அது விழுந்தது என்பதைப் பிற்காலக் காலக்கணிப்புகள் காட்டின.

எல்லா மலைகளும் இவ்வளவு பொறுமையுள்ளவை அல்ல. அலாஸ்காவில் டின்டால் பனியாறு 1961க்கும் 1991க்கும் இடையே 17 கிலோமீட்டர் பின்வாங்கிற்று. 2015 அக்டோபரில் அதன் முகப்பருகே இருந்த சரிவு கடற்கழியில் விழ, எழுந்த அலை எதிர்க்கரையில் 193 மீட்டர் உயரம் ஏறிக் காட்டை வழித்தெடுத்தது.

ஆல்ப்ஸின் மிக நீண்ட பனியாறான அலெட்சின் கரையிலுள்ள மூஸ்ஃப்ளூ சரிவோ, 2016 இலையுதிர் காலத்தில் சில இடங்களில் நாளொன்றுக்கு 80 சென்டிமீட்டர் வரை நகர்ந்தது. அம்மலை முகட்டில் இருக்கும் ரோப் கார் நிலையத்தை, நிலம் நகர நகரத் தானும் இடம் திருத்திக்கொள்ளத் தக்கதாகவே சுவிஸ் பொறியாளர்கள் கட்டியிருக்கிறார்கள். மலையை நிறுத்திவைக்க முயல்வதைவிட இது மலிவு என்று கண்டுகொண்டார்கள் போலும்.